நோய் கட்டுப்பட்டும் வலி தீரவில்லை: வலி சிகிச்சை மருத்துவர்களிடம் சென்றவர்கள் அனுபவத்தைப் பகிர வேண்டுகிறேன்

காவிரிப்பெண் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்குப் பல ஆண்டுகளாக முடக்குவாதம் இருக்கிறது. நோயைக் கட்டுப்படுத்த வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட்டும் அதனுடன் ஃபோலிக் அமிலமும் எடுத்து வருகிறேன். மூட்டுகளில் இப்போது வீக்கம் இல்லை. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் சரியான அளவில் இருப்பதாக மூட்டுவாத மருத்துவர் சொல்கிறார். ஆனால் வலி மட்டும் போகவில்லை. முன்பு விரல்களிலும் மணிக்கட்டிலும் இருந்த வலி, இப்போது தோள்பட்டை, நடுமுதுகு, தொடை என்று மூட்டே இல்லாத இடங்களுக்கும் வந்துவிட்டது. எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது. இதையெல்லாம் சொன்னபோது, வலி சிகிச்சை நிபுணர் ஒருவரைப் பார்க்கும்படி அவர் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் இதற்கு இரண்டு விதமான எதிர்ப்பு. ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கும்போது இன்னொரு மருத்துவர் எதற்கு என்கிறார் கணவர். அங்கே போனால் முதுகில் ஊசி போட்டுவிடுவார்கள், போதை மாத்திரை கொடுத்துப் பழக்கிவிடுவார்கள் என்று அஞ்சுகிறார் மாமியார். நீண்டகால நோயுடன் இத்தகைய மருத்துவரிடம் சென்றவர்கள் இங்கே இருந்தால், அவர் என்ன கேட்டார், என்ன செய்தார், பலன் இருந்ததா என்பதை எழுதுங்கள். ஒரு மருத்துவரின் பெயரையோ மருத்துவமனையின் பெயரையோ நான் கேட்கவில்லை. எதை எதிர்பார்த்துப் போக வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

வைகைக்கரை எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். எனக்கு இடுப்பில் ஜவ்வு விலகி, இடது காலில் குதிகால் வரை இழுக்கும் வலி பல வருடங்களாக உள்ளது. இரண்டு வலி மருத்துவர்களிடம் சென்றிருக்கிறேன். இருவரையும் ஒரே துறையைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

முதலாமவர் நான் உட்காருவதற்குள் எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டார். எங்கே வலிக்கிறது என்று கேட்டாரே தவிர, எப்போது வலிக்கிறது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று எதுவும் கேட்கவில்லை. தண்டுவடத்தின் அருகே ஸ்டீராய்டு ஊசி போட வேண்டும், காலையில் வந்து மாலையில் போய்விடலாம் என்றார். அதற்கான தொகையை வெளியே இருந்த பெண் ஒரு பேக்கேஜாக அச்சடித்துக் கொடுத்தார். ஊசி வேலை செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன்; சில வாரங்கள் கால் இழுப்பு நன்றாகவே குறைந்தது. பிறகு மெல்லத் திரும்பியது. மீண்டும் போனபோது கிடைத்த ஒரே பதில், இன்னொரு ஊசி. அதற்குப் பிறகு என்ன என்று கேட்டதற்கு, பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

இரண்டாமவர் படத்தைக் கடைசியில்தான் பார்த்தார். முதலில் என்னை நடக்கச் சொன்னார், குதிகாலில் நிற்கச் சொன்னார், படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார், ஊசி முனையால் பாதத்தின் உணர்ச்சியைச் சோதித்தார். பிறகு, வலியினால் நான் செய்வதை நிறுத்திவிட்ட காரியங்கள் எவை என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை எந்த மருத்துவரும் என்னிடம் கேட்டதில்லை. பேருந்தில் உட்கார்ந்து பயணம் செய்ய முடியவில்லை, அதனால் ஊருக்குப் போவதையே விட்டுவிட்டேன் என்றேன். அப்படியானால் தொடர்ந்து உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் கூட்டுவதுதான் நம் முதல் வேலை என்று எழுதி வைத்துக்கொண்டார். இரவுக்கு மிகக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின், படிப்படியாகக் கூட்டும் பிசியோதெரபி, ஆறு வாரம் கழித்து மறுபார்வை. வலி முற்றிலும் போகாது என்பதையும் அன்றே சொல்லிவிட்டார். வலி இன்னும் இருக்கிறது. ஆனால் ஊருக்குப் போய் வருகிறேன்.

எம்.ஆர்.ஐ. பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அதன்படி 20 வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும், 80 வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் ஜவ்வு பிதுங்கியிருந்தது. ஆகவே படத்தில் பிதுக்கம் தெரிகிறது என்பதை மட்டும் காட்டி ஊசிக்கு நாள் குறிக்கும் மருத்துவரிடம், வலிக்கு அதுதான் காரணம் என்பதை எப்படி உறுதி செய்தீர்கள் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

மயக்கவியல்_மருத்துவன் எழுதியது:

நான் வலி சிகிச்சை செய்பவன் என்பதால் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள். என் துறையைப் பற்றி வைகைக்கரை அவர்கள் வைத்த குறையில் நியாயம் உண்டு. ஆனால் அதன் காரணம் தனிமனிதப் பேராசை மட்டும் அன்று.

நம் நாட்டில் வலி மருத்துவர்களில் பெரும்பாலோர் மயக்கவியல் (அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும் துறை) படித்துவிட்டு, பின்னர் வலி சிகிச்சையில் தனிப்பயிற்சி பெற்றவர்கள். உலக அளவிலும் இத்துறையின் தொடக்கம் அப்படித்தான். 1953-இல் வலி சிகிச்சைக்கென ஒரு பெரும் பாடநூலை எழுதிய ஜான் பொனிகா அமெரிக்க மயக்கவியல் மருத்துவர். படிப்புக்காகத் தொழில்முறை மல்யுத்தம் செய்து, அந்தக் காயங்களால் வாழ்நாள் முழுவதும் வலியோடு இருந்தவர் அவர். நரம்பை மரத்துப்போகச் செய்யும் கலை எங்களுக்குக் கைவந்தது என்பதால் எங்கள் கை முதலில் ஊசியைத் தேடுகிறது. பொனிகாவே வலியைப் பல துறை மருத்துவர்கள் ஒன்றுகூடிப் பார்க்க வேண்டும் என்றுதான் வற்புறுத்தினார். அந்தப் பாதி பல இடங்களில் விடுபட்டுப் போயிற்று.

சகோதரி காவிரிப்பெண்ணின் நிலைக்கு வருகிறேன். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது விட்டுவிட்டு வரும் வலியை நாட்பட்ட வலி என்கிறோம். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11-ஆவது பதிப்பு, நாட்பட்ட வலிக்குத் தனி இடம் கொடுத்துள்ளது. வேறொரு நோயின் விளைவாக வரும் வலியும் உண்டு, வலியே நோயாக நிற்பதும் உண்டு என்பதை அது ஏற்கிறது. முடக்குவாதம் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு, மூட்டின் அழற்சி அடங்கிய பிறகும், வலியை உணரும் நரம்பு மண்டலத்தின் மிகையுணர்ச்சி அடங்குவதில்லை. அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பிறகும் கல்சட்டியில் குழம்பு கொதித்துக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்காகக் கொதிப்பு பொய் என்று யாரும் சொல்வதில்லை. பரவலான வலி, தூங்கியும் தீராத அசதி, நினைவு மந்தம் ஆகியவை சேர்ந்து வந்தால் ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயரிடுகிறோம். 1990-இல் வகுத்த இலக்கணத்தில் உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து, குறைந்தது 11 இடங்களில் வலித்தால்தான் அந்தப் பெயர். 2010-இல் அந்தக் கணக்கு இல்லாமலேயே அறிகுறிகளை வைத்துக் கண்டறியும் முறை வந்தது. உங்களுக்கு அதுதான் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. மெத்தோட்ரெக்சேட்டைக் கூட்டினாலும் இந்த வகை வலி குறையாது என்பதால்தான் உங்கள் மருத்துவர் வேறு திசையைக் காட்டியிருக்கக்கூடும்.

இவ்வகைப் பரவலான வலிக்கு ஊசியால் பெரும்பாலும் பயனில்லை. காலுக்கு இறங்கும் நரம்பு நசுங்கும் வலிக்குத் தண்டுவடத்தை ஒட்டிய ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களோ மாதங்களோ இடைவெளி தரும். அந்த இடைவெளியில் உடற்பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். முதுகெலும்பின் சிறு மூட்டுகளிலிருந்து வரும் வலிக்கு, முதலில் சோதனை ஊசி போட்டுப் பார்த்து, அதில் வலி தெளிவாகக் குறைந்தால் மட்டும் ரேடியோ அலை வெப்பத்தால் அந்த நரம்புக் கிளையைச் செயலிழக்கச் செய்யலாம்; நரம்பு மீண்டும் வளரும் என்பதால் அதுவும் நிரந்தரம் அன்று. சோதனை ஊசி போடாமல் நேரே இதைச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் இரண்டாவது கருத்தைக் கேளுங்கள்.

நேர்ப்பேச்சு எழுதியது:

மருத்துவர் ஐயா மன்னிக்க வேண்டும். நரம்பு மண்டலம், மிகையுணர்ச்சி என்று எவ்வளவு அழகாகச் சொன்னாலும், கடைசியில் எழுதித் தருவது மனச்சோர்வு மாத்திரைதானே? என் மனைவிக்கு அதுதான் நடந்தது. வலி என்று போனவளுக்கு அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். மருந்துக் கடையில் இருந்தவர், இது மனநோய் மாத்திரை ஆயிற்றே என்று பத்துப் பேர் நிற்கும்போது கேட்டார். அன்றோடு அவள் சிகிச்சையே வேண்டாம் என்று விட்டுவிட்டாள். காரணம் கண்டுபிடிக்க முடியாத மருத்துவர்கள் பழியை நோயாளியின் மனத்தின் மேல் போடுகிறார்கள் என்பதே என் கருத்து.

மயக்கவியல்_மருத்துவன் எழுதியது:

உங்கள் மனைவிக்கு நேர்ந்தது வருந்தத்தக்கது. அந்த மாத்திரை எதற்கு என்பதை எழுதியவரே விளக்கியிருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. மனச்சோர்வுக்கு அமிட்ரிப்டிலின் 75 மில்லிகிராமும் அதற்கு மேலும் தேவைப்படும். வலிக்கு நாங்கள் 10 மில்லிகிராமில் தொடங்குகிறோம். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வந்து வலிச் செய்தியைத் தணிக்கும் நரம்புப் பாதை ஒன்று உண்டு. இம்மருந்து அதை வலுப்படுத்துகிறது. டியுலாக்செட்டினும் அவ்வாறே. வலிப்பு நோய்க்கு வந்த கார்பமசெபைன்தான் முகத்தில் மின்னல் வெட்டுவதுபோல் வரும் முந்நரம்பு வலிக்கு இன்றும் முதல் மருந்து; அதனால் அந்த நோயாளிக்கு வலிப்பு இருப்பதாக யாரும் எண்ணுவதில்லை.

பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் வலியின் வரையறையைத் திருத்தியபோது, தனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அது மதிக்கப்பட வேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்தது. எங்கள் துறையினர் சிலர் அதை இன்னும் படிக்கவில்லை போலும்.

சிவகாசி_மைந்தன் எழுதியது:

என் தந்தைக்காக எழுதுகிறேன். அவருக்கு நீண்டகாலச் சர்க்கரை நோய். இரண்டு பாதங்களிலும் எரிச்சல், மதமதப்பு, இரவில் போர்வை பட்டால்கூடத் தாங்க முடியாத கூச்சம். எங்கள் ஊரில் வலி மருத்துவர் கிடையாது. ஆகவே அவர் செய்தது, மருந்துக் கடையில் சொல்லி டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டதுதான். வாங்கும்போது சீட்டு கேட்டவரும் இல்லை, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கேட்டவரும் இல்லை. நரம்பு எரிச்சலுக்கு அந்த வகை மாத்திரை உதவாது என்பது எங்களுக்குத் தெரிவதற்குள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏறிவிட்டது.

அடுத்துப் பார்த்த மருத்துவர் ப்ரீகாபலின் எழுதினார். எரிச்சல் குறைந்தது, ஆனால் கால் வீங்கியது, தலைசுற்றியது, ஒரு நாள் அதிகாலையில் கழிப்பறைக்குப் போகும் வழியில் அப்பா விழுந்தார். அதன் பிறகுதான் மதுரையில் ஒரு வலி மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். ப்ரீகாபலின் சிறுநீரகம் வழியாகவே வெளியேறும் மருந்து என்பதால், சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அளவைக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். அப்பா எடுத்துவந்த எல்லா மாத்திரைகளையும் மேசை மேல் கொட்டச் சொல்லிப் பார்த்தார். அவற்றில் இரண்டு, வெவ்வேறு பெயரில் இருந்த ஒரே மருந்து. மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம், அந்தக் குறைவும் நரம்பைக் கெடுக்கும் என்று சொல்லி அதற்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். குறைவாகத்தான் இருந்தது. அந்த அறைக்குள் போகும்போது இருந்ததைவிடக் குறைந்த மாத்திரைகளுடன் வெளியே வந்தோம் என்பதுதான் எனக்கு வியப்பு.

உங்கள் மாமியாரின் அச்சத்துக்கு ஒன்று சொல்கிறேன். ப்ரீகாபலின், டேபென்டடால் ஆகிய வலி மருந்துகளைச் சிலர் போதைக்குப் பயன்படுத்துவதால் இப்போது கடைகளில் கெடுபிடி அதிகம். அது தேவையான கெடுபிடிதான். ஆனால் உண்மையான சீட்டோடு நிற்கும் என்னையும் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். மருத்துவரின் முத்திரை, பதிவெண், தேதி மூன்றும் சீட்டில் தெளிவாக இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்து வாங்கிக்கொள்வது நல்லது.

பிசியோதெரபிக்கு மதுரை வரை அலைய முடியாது என்ற நிலையில் எங்களுக்கு உதவியது மக்களைத் தேடி மருத்துவம் திட்டம். 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய இத்திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை தருவார்கள் என்று மட்டுமே பலரும் நினைக்கிறார்கள். இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் அதில் உண்டு. பகுதி சுகாதாரச் செவிலியரிடம் கேட்டுப் பாருங்கள்.

குறிஞ்சிச்_செவிலி எழுதியது:

நான் நீலகிரியில் பல ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றியவள். இந்த இழையில் இதுவரை வராத ஒரு நோயைப் பற்றி எழுத விரும்புகிறேன்: அரிவாள் செல் சோகை. இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் பதிவானதே 1952-இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களில் இன்றும் பார்க்கிறோம். சிவப்பணுக்கள் வளைந்து, விறைத்து, நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைத்துவிடும். அப்போது எலும்புக்குள்ளிருந்து வரும் வலிக்கு ஒப்புச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

வெளியே பார்த்தால் வீக்கமும் இருக்காது, காயமும் இருக்காது. இருபது வயதுப் பையன் சுருண்டு கிடந்து ஊசி கேட்பான். இதற்கு முன்பு வந்தபோது எந்த மருந்துக்கு வலி அடங்கியது என்பதும் அவனுக்கே தெரியும். மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்பான். அதுவே அவனுக்கு வினையாகிவிடும். இந்த நோயைப் பற்றிப் பழக்கமில்லாத சமவெளி மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில், ஊசிக்கு அடிமையானவன் என்று சொல்லி ஒரு பையனை வெறும் பாராசிட்டமாலுடன் இரவு முழுக்கக் காக்க வைத்ததை அவனுடன் இருந்து பார்த்தேன். அரிவாள் செல் வலி நெருக்கடிக்கு, தேவைப்பட்டால் மார்ஃபின் வரை விரைவாகக் கொடுக்க வேண்டும் என்பதே நிலைபெற்ற சிகிச்சை. முன்பு பெத்திடின் போடுவார்கள். உடம்பில் அது சிதைந்து தேங்கும் பொருள் வலிப்பை உண்டாக்கக்கூடும் என்பதால் இப்போது தவிர்க்கிறார்கள்.

மார்ஃபின் ஏன் கிடைப்பதில்லை என்பது தனிக் கதை. மருத்துவத்துக்கான அபினை உரிமம் பெற்ற உழவர்கள் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைவிக்கிறார்கள். நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. வெளிநாட்டுக்கும் ஏற்றுமதி ஆகிறது. அதே நாட்டில், 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருக்கவே அஞ்சின. ஒன்றுக்கு மேற்பட்ட உரிமங்கள், அவை எல்லாம் ஒரே நேரத்தில் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்ற நிலை. திருவனந்தபுரத்தின் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகளை இன்றியமையாதவை என்று வகைப்படுத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் ஒரே நடைமுறையில் வாங்கலாம் என்று எளிதாக்கினார்கள். சட்டம் மாறி இவ்வளவு காலம் ஆன பிறகும் அச்சம் மாறவில்லை. புற்றுநோய்க்கு மட்டும்தான் மார்ஃபின் என்று எண்ணும் மருத்துவர்களை இன்றும் பார்க்கிறேன்.

அரிவாள் செல் நோயாளிகள் எந்த ஊருக்குப் போனாலும், வலி வந்தால் என்ன மருந்து, எவ்வளவு, எந்த வழியில் என்று வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் கையொப்பமிட்ட தாளைச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். ஹைட்ராக்சியூரியாவை ஒழுங்காக எடுத்தால் நெருக்கடிகளே குறையும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

தேம்ஸ்_தமிழன் எழுதியது:

இங்கிலாந்து நிலவரத்தையும் எழுதினால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். இங்கே நிலைமை ஏறக்குறைய நேர்மாறு. வெளிப்படையான காரணம் இல்லாத நாட்பட்ட வலிக்கு பாராசிட்டமாலோ, இபுப்ரோஃபென் வகையோ, கபாபென்டின் வகையோ, ஓபியாய்டோ (மார்ஃபின் போன்ற மருந்துகள்) புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று 2021 ஏப்ரலில் தேசிய வழிகாட்டுதல் வந்தது. அது சொல்வது உடற்பயிற்சி, உளவியல் முறைகள், அக்குபஞ்சர், சில மனச்சோர்வு மருந்துகள். ப்ரீகாபலினும் கபாபென்டினும் 2019 முதல் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். ஊசிக்காக யாரும் நம்மை இழுப்பதில்லை, ஏனென்றால் ஊசியால் மருத்துவருக்கு வருமானம் இல்லை. ஆனால் வலி மருத்துவமனையில் இடம் கிடைக்கக் காத்திருக்கும் காலத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

என்னைக் குழுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நல்ல நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் படுத்துக் கிடக்கும் பழக்கத்தை எப்படி விடுவது என்று அங்கே கற்றேன். அது உண்மையிலேயே பயன்பட்டது. ஆனால் என்னுடன் வந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவருக்கு அந்த வகுப்பு ஒன்றுமே புரியவில்லை. வலிக்குப் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் மதிப்பெண் கொடுக்கச் சொன்னால், அவர் ஒவ்வொரு முறையும் பத்து என்றார். உடனே மிகைப்படுத்துகிறார் என்று குறித்துக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு, சமைக்க நிற்க முடிகிறதா, கோயிலில் சம்மணமிட்டு உட்கார முடிகிறதா என்று கேட்ட பிறகுதான் அவர் நிலை அவர்களுக்கு விளங்கியது.

நேர்ப்பேச்சு எழுதியது:

தேம்ஸ் தமிழன் போகிற போக்கில் சொன்னதுதான் இங்கே முக்கியம்: ஊசியால் வருமானம் இல்லாத இடத்தில் ஊசிக்கு இழுப்பதில்லை. மருத்துவர் ஐயா இதற்குப் பதில் சொல்வாரா?

மயக்கவியல்_மருத்துவன் எழுதியது:

சொல்கிறேன். ஒரு புதிய நோயாளியின் கதையை முழுதாகக் கேட்டு, உடம்பைச் சோதித்து, மருந்துகளைச் சரிபார்க்க முக்கால் மணி நேரம் ஆகிறது. அதற்கு நான் பெறுவது ஓர் ஆலோசனைக் கட்டணம் மட்டும். அதே நேரத்தில் சி-ஆர்ம் (எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடி ஊசி போட உதவும் கருவி) அறையில் இரண்டு ஊசிகள் போட முடியும். அதற்கான கட்டணம் பல மடங்கு. இதற்கு மேல் காப்பீடு வேறு. நம் நாட்டு மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் உள்நோயாளிச் செலவையும் ஒருநாள் சிகிச்சையையும்தான் ஏற்கின்றன. வெளிநோயாளி ஆலோசனையும் மாத்திரையும் பிசியோதெரபியும் உளவியல் ஆலோசனையும் பெரும்பாலானோர் கைக்காசில்தான் நடக்கின்றன. எனவே பல வேளைகளில் நோயாளியே, காப்பீட்டில் வருவதைச் செய்யுங்கள் டாக்டர் என்கிறார். ஊசி தேவைப்படுபவருக்கு அதைப் போடுவதில் எனக்குக் கூச்சமில்லை. தேவைப்படாதவருக்கும் அது எளிதான வழியாக அமைந்திருப்பதை நான் மறுக்கவில்லை.

மறுபக்கம் ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் ஓபியாய்டுகளை அள்ளிக் கொடுத்த காலத்துக்குப் பிறகு, 2016-இல் நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட வழிகாட்டுதலைப் பலர் சட்டம்போல் எடுத்துக்கொண்டு, பல ஆண்டுகள் மருந்தில் நிலையாக இருந்த நோயாளிகளின் அளவைத் திடீரென்று வெட்டினார்கள். தங்கள் பரிந்துரையைத் தவறாகக் கையாண்டு நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்தது என்பதை ஏற்று, அந்த மையமே 2022-இல் அதைத் திருத்தியது. இங்கே டிரமடால் என்ற ஓபியாய்டு 2018-இல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்தது. யாராவது உங்கள் டிரமடாலை ஒரே நாளில் நிறுத்தச் சொன்னால், படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தை எழுதித் தரும்படி கேளுங்கள்.

கொல்லிமலைத்_தேன் எழுதியது:

யாரும் சித்த மருத்துவத்தைப் பற்றி எழுதவில்லையே? என் அத்தைக்கு மூட்டு வலிக்கு ஊரில் ஒருவர் பெயரில்லாத பொட்டலச் சூரணம் கொடுக்கிறார். மூன்றே நாளில் எழுந்து நடக்கிறார்.

குறிஞ்சிச்_செவிலி எழுதியது:

மூன்றே நாளில் என்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. பெயரில்லாத பொட்டலங்களில் ஸ்டீராய்டைப் பொடித்துக் கலப்பவர்கள் உண்டு. முகம் உப்புகிறதா, சர்க்கரை ஏறுகிறதா என்று பாருங்கள். ஆனால் நீண்ட நாள் எடுத்திருந்தால் சட்டென்று நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது. அங்கே தருவதற்குச் சீட்டு இருக்கும். எதை எடுத்தாலும் வலி மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்குக் கல்லீரலைப் பொறுத்து இது மிகவும் முக்கியம்.

காவிரிப்பெண் எழுதியது:

எழுதிய எல்லோருக்கும் நன்றி. இழையைக் கணவரையும் படிக்கச் செய்தேன். சிவகாசி மைந்தன் அவர்களின் பதிவைப் படித்த பிறகு உடன் வரச் சம்மதித்தார். சென்ற வாரம் போய் வந்தோம்.

எல்லா மாத்திரைகளையும் பழைய அறிக்கைகளையும் கொண்டுபோனேன். வலியினால் விட்டுவிட்ட காரியங்களை ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தேன்: கோலம் போடுவது, பேத்தியைத் தூக்குவது, பத்து நிமிடத்துக்கு மேல் நின்று தோசை வார்ப்பது. மருத்துவர் அந்தத் தாளை வாங்கிக் கோப்பில் இணைத்துக்கொண்டார். ஊசி எதுவும் எனக்குத் தேவைப்படாது என்று அவரே முதலில் சொன்னார். டியுலாக்செட்டின் குறைந்த அளவில் தொடங்கியிருக்கிறார். கல்லீரல் பரிசோதனையைப் பார்த்த பிறகே எழுதினார். நாளும் நடக்க வேண்டிய நேரத்தை, நான் இப்போது சிரமமின்றி நடக்கும் நேரத்தைவிடக் குறைவாகத் தொடங்கச் சொன்னது வேடிக்கையாக இருந்தது. நல்ல நாளிலும் அதற்கு மேல் நடக்கக் கூடாதாம். என்னிடம் பேசியதைவிடக் கணவரிடம் பேசியதுதான் அதிகம். ரத்த அறிக்கை மூட்டைப் பற்றித்தான் சொல்லும், இவர்களின் வலியைப் பற்றி இவர்கள்தான் சொல்ல முடியும் என்றார். கணவர் ஒன்றும் பேசவில்லை. திரும்பும் வழியில், பத்து நிமிட தோசைக் கணக்கை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார்.

ஒரே ஒரு சந்தேகம். மாத்திரை தொடங்கியதிலிருந்து காலையில் குமட்டல் இருக்கிறது. நிறுத்திவிடலாமா?

மயக்கவியல்_மருத்துவன் எழுதியது:

நீங்களாக நிறுத்த வேண்டாம். டியுலாக்செட்டினில் முதல் ஓரிரு வாரங்கள் குமட்டல் வருவது வழக்கம். பெரும்பாலோருக்குத் தானே அடங்கும். வெறும் வயிற்றில் எடுக்காமல் உணவுடன் எடுத்துப் பாருங்கள். பலன் தெரிய நான்கு வாரங்களாவது ஆகலாம். குமட்டல் வாந்தியாக மாறினாலோ, கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர்நிறமானாலோ மறுபார்வை வரை காத்திருக்காமல் அன்றே உங்கள் மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். மெத்தோட்ரெக்சேட் எடுக்கும் கிழமையையும் குமட்டல் வரும் நாளையும் சேர்த்துக் குறித்து வாருங்கள்; இரண்டில் எது காரணம் என்று பிரித்தறிய அது அவருக்கு உதவும்.

வைகைக்கரை எழுதியது:

அமிட்ரிப்டிலின் எடுப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு, சகோதரியின் இழை என்பதால் சுருக்கமாக. வாய் வறட்சியும் காலை மந்தமும் வரும். படுக்கும்போது போடாமல், இரவு எட்டு மணி வாக்கில் போடச் சொன்னார் என் மருத்துவர். காலை மந்தம் பெருமளவு போய்விட்டது. வயதானவர்களுக்குச் சிறுநீர் அடைப்போ கண் அழுத்த நோயோ இதய நோயோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.